சிஎஃப் கோப்பு திறக்கிறது, விடை மட்டும் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நெட்சிடிஎஃப் (காலநிலை, கடல் தரவுகளைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பு ஒழுங்காகத் திறக்கிறது. சரிபார்ப்பு நிரலும் குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் வரைபடம் போட்டுப் பார்த்தால் மழை ஒரு நாள் தள்ளிப் பெய்திருக்கிறது, அல்லது வெப்பநிலை மாற்றம் மைனஸ் 272 டிகிரி என்று வருகிறது, அல்லது கடல் தலைகீழாக நிற்கிறது. இந்த வகைக் கோளாறுகளுக்கு மட்டுமான குறிப்பு இது. கோப்பே திறக்கவில்லை என்றால் அது வேறு கதை.

காலநிலை, கடல், வானிலைத் தரவுகளில் பெரும்பாலானவை 'கிளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட்' மரபை, சுருக்கமாக சிஎஃப்பை, பின்பற்றி எழுதப்படுகின்றன. 1995இல் வந்த கோர்ட்ஸ் மரபை விரித்து, 2003இல் இதன் 1.0 பதிப்பு வெளியானது. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பண்புகள் (ஒவ்வொரு மாறியோடும் ஒட்டி எழுதும் சிறு குறிப்புகள்) மூலம் சொல்வதுதான் இதன் வேலை. ஆனால் தரநிலை என்பது மனிதர்கள் எழுதிய உரைநடை. சில இடங்களில் அது சமையல் குறிப்பில் வரும் 'உப்பு தேவையான அளவு' போல இருக்கும். எழுதியவருக்கு அளவு தெரியும். படிக்கும் நிரலுக்குத் தெரியாது. அது தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளும்.

அதனால் என் கட்சி இதுதான்: எண்ணில் கை வைக்காதீர்கள். 273ஐக் கழிப்பது, ஒரு நாளைத் தள்ளுவது, மைனஸ் போடுவது எல்லாம் ஒட்டுப்போடும் வேலை. எந்தப் பண்பு விடுபட்டதால், அல்லது எந்த வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டதால் இது நடந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பண்பை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். தரநிலை 'விருப்பம்தான்' என்று சொன்னாலும் எழுதுங்கள்.

முதல் வேலையாக, என்சிடம்ப் கட்டளையை ஹைஃபன் எச் தேர்வோடு ஓட்டித் தலைப்பகுதியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கன்வென்ஷன்ஸ்' என்ற பண்பில் எந்தப் பதிப்பு என்று இருக்கும். கீழே சொல்வதில் சில, பதிப்பைப் பொறுத்து மாறும். (பண்புப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில், இடைவெளி இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட்டு இருக்கும்.)

அறிகுறி: தேதி சரியாக 2 நாள் தள்ளி நிற்கிறது

நேர மாறியின் 'யூனிட்ஸ்' பண்பைப் பாருங்கள். 'டேஸ் சின்ஸ் 0001-01-01' என்பது போல, 1582க்கு முந்தைய தொடக்கத் தேதி இருந்தால் கோளாறு அங்கேதான். 'காலண்டர்' பண்பு இல்லாவிட்டால் 'ஸ்டாண்டர்ட்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சிஎஃப். இந்த ஸ்டாண்டர்ட் காலண்டர் ஒரு கலவை: 1582 அக்டோபர் 4 வரை ஜூலியன், அதற்கு அடுத்த நாளே அக்டோபர் 15, அங்கிருந்து கிரிகோரியன். பைத்தானின் சாதாரண தேதி நூலகமோ கிரிகோரியனையே 1ஆம் ஆண்டு வரை பின்னோக்கி நீட்டிக்கொள்ளும். இரண்டு முறையிலும் 1ஆம் ஆண்டு ஜனவரி 1 ஒரே நாள் இல்லை, 2 நாள் வித்தியாசம். பைத்தானில் எண்ணி எழுதிய கோப்பில் காலண்டர் பண்பை விட்டுவிட்டால், சிஎஃப் விதிப்படி ஒழுங்காகப் படிக்கும் நிரல் 2 நாள் முந்தைய தேதியைக் காட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், விதியை மீறிப் படிக்கும் நிரலில்தான் சரியான தேதி வரும்.

அமெரிக்க வானிலை மையமான என்சிஇபியின் மறுபகுப்பாய்வுக் (பழைய அளவீடுகளை மாதிரியோடு இணைத்துத் தயாரித்த தரவு) கோப்புகளில்கூட முன்பு 'ஹவர்ஸ் சின்ஸ் 1-1-1' என்று இருந்து, பிறகுதான் தொடக்கம் 1800-01-01க்கு மாறியது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒட்டி வேலை செய்தால் இந்த 48 மணி நேரம் எட்டிப் பார்க்கும்.

தீர்வு: கிரிகோரியனைப் பின்னோக்கி நீட்டி எண்ணியது என்று உறுதியாகத் தெரிந்தால் காலண்டரில் 'ப்ரோலெப்டிக் கிரிகோரியன்' என்று எழுதுங்கள். புதிதாகக் கோப்பு தயாரிப்பவர் தொடக்கத் தேதியை 1900-01-01 போல வைத்துக்கொண்டால் இரண்டு காலண்டரும் ஒத்துப்போகும், பிரச்சினையே வராது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் கோப்பில் தொடக்கத் தேதியை மட்டும் மாற்றி, எண்களை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். 2 நாள் கோளாறு 19 நூற்றாண்டுக் கோளாறாகிவிடும்.

'கிரிகோரியன்' என்று எழுதிய கோப்பும் நிறைய உண்டு. அந்தப் பெயர் சுத்த கிரிகோரியன் என்ற எண்ணத்தைத் தந்தது, உண்மையில் அதே கலவைதான். குழப்பம் தாங்காமல் 1.9 பதிப்பில் அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லி, 'ஸ்டாண்டர்ட்' என்றே எழுதச் சொன்னார்கள்.

அறிகுறி: வருடம் போகப் போகப் பருவம் முன்னோக்கி நகர்கிறது

இது ஆபத்தான வகை, ஏனென்றால் பார்ப்பதற்கு ஆய்வு முடிவு மாதிரியே இருக்கும். பல காலநிலை மாதிரிகள் லீப் வருடமே இல்லாத 'நோலீப்' காலண்டரில் ஓடுகின்றன. அந்தக் காலண்டர் பண்பு எங்காவது வெட்டி ஒட்டும்போது விழுந்துவிட்டால், படிக்கும் நிரல் ஸ்டாண்டர்ட் என்று எடுத்துக்கொள்ளும். 1850 ஜனவரி 1இலிருந்து எண்ணினால், மாதிரியின் 2000 ஜனவரி 1 என்பது 54,750ஆவது நாள். உண்மைக் காலண்டரில் அந்த எண் 1999 நவம்பர் 26இல் விழும். 36 நாள் கழன்றுவிட்டது. தென்மேற்குப் பருவமழை நூற்றாண்டு முழுக்கச் சீராக முன்கூட்டியே வந்துகொண்டிருக்கிறது என்று கட்டுரை எழுதத் தோன்றும். எழுதும் முன் காலண்டரைப் பாருங்கள்.

பிரிட்டனின் ஹாட்லி மையத்தின் ஹாட்ஜெம்2 போன்ற மாதிரிகளில் மாதத்துக்கு 30 நாள் வீதம் 360 நாள் வருடம். அங்கே பிப்ரவரி 30 நியாயமான தேதி. சாதாரணத் தேதி நூலகம் அதில் தடுக்கி விழும், சிஎஃப்டைம் நூலகம் தாங்கும். அதை 365 நாளுக்கு இழுத்து நீட்டி நேராக்குகிறேன் என்று இறங்காதீர்கள், மாதச் சராசரியாக்கி அந்த அளவில் ஒப்பிட்டால் போதும்.

அறிகுறி: மாதத் தரவில் தேதி 31, 10 மணி 29 நிமிடம் என்று விசித்திரமாக வருகிறது

'மந்த்ஸ் சின்ஸ்' என்று அலகு எழுதியிருப்பார்கள். எழுதியவர் நினைத்தது காலண்டர் மாதம். சிஎஃப் சார்ந்திருக்கும் யுடியூனிட்ஸ் நூலகத்தில் வருடம் என்றால் 365.242198781 நாள், மாதம் என்றால் அதில் 12இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 30.437 நாள். ஆகவே 2000-01-01இலிருந்து 1 மாதம் என்பது 2000-01-31 காலை 10:29. தரநிலை வருடத்தையும் மாதத்தையும் அலகாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைக்கத்தான் செய்கிறது, தடை போடவில்லை. பைத்தானின் எக்ஸ்அரே நூலகம் இதைச் சாதாரணமாகப் படிக்க மறுத்துவிடும், ஒரு விதத்தில் அது நல்லது. நேரத்தை மாற்றாமல் கோப்பைத் திறந்து, மாத எண்ணிலிருந்து தேதிகளைக் கையால் உருவாக்கி, 'டேஸ் சின்ஸ்' என்று திரும்ப எழுதிவிடுங்கள்.

அறிகுறி: பகல் வெப்பம் இரவு ஏழரைக்கு உச்சம் தொடுகிறது

நேர மண்டலம் எழுதாவிட்டால் உலகப் பொதுநேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நிலையத்தின் பதிவுக் கருவி இந்திய நேரத்தில் ஓடியிருக்கும், கோப்பில் மண்டலம் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் அதைப் பொதுநேரம் என்று நம்பி இன்னொரு ஐந்தரை மணி நேரம் கூட்டுகிறீர்கள். மதியம் 2 மணி உச்சம் 7:30க்குப் போய்விடுகிறது. தொடக்கத் தேதிக்குப் பின்னால் +5:30 என்று சேர்த்தால் முடிந்தது. சில மென்பொருள்கள் அந்த +5:30ஐக் கவனிக்காமல் விட்டுவிடும் என்பதால், எண்களையே பொதுநேரத்துக்கு மாற்றி எழுதுவது இன்னும் பத்திரம்.

அறிகுறி: மழை தப்பான நாளில் விழுகிறது

இதில்தான் அதிக நேரம் போகும், ஏனென்றால் இங்கே தரநிலையே நழுவுகிறது.

மழை ஒரு கணத்தில் அளப்பது இல்லை, ஒரு கால இடைவெளியில் சேர்வது. அந்த இடைவெளியின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்ல 'பவுண்ட்ஸ்' என்ற துணை மாறி இருக்கிறது. அது கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால், அச்சில் உள்ள மதிப்பு இடைவெளியின் நடுவில் இருப்பதாக ஒரு நிரல் நியாயமாகக் கருதலாம், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை என்கிற தொனியில் உரை இருக்கிறது. கருதலாம், ஆனால் கேட்கவில்லை. இதை வைத்து நிரல் எழுதுபவர் என்ன செய்வார்? ஒருவர் நேரக் குறியைத் தொடக்கம் என்பார், இன்னொருவர் நடு என்பார், வானிலைத் துறையில் பழகியவர் முடிவு என்பார்.

இந்திய வானிலைத் துறையின் நாள்மழை, அந்தத் தேதி காலை 8:30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்துக்கானது. பொதுநேரத்தில் 03:00. 2015 டிசம்பர் 2 என்ற தேதியில் தாம்பரத்துக்குப் பதிவான 49 சென்டிமீட்டரில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று கொட்டியது. சென்னையில் அந்த இரவைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செயற்கைக்கோள் மழைத் தரவோடு ஒப்பிடும் மாணவருக்குத் தெரியாது. அந்தத் தரவில் நாள் பெரும்பாலும் பொதுநேர நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரண்டையும் தேதி பார்த்து ஒட்டினால் ஒப்புமை குறைந்துபோகும், செயற்கைக்கோள் மழையைப் பிடிக்கவில்லை என்று முடிவு எழுதிவிடுவார்.

ஐரோப்பிய வானிலை மையத்தின் எரா5 மறுபகுப்பாய்வு மணித் தரவில் மொத்த மழை, குறித்த நேரத்துடன் முடியும் ஒரு மணிக்கானது. ஒரு நாளின் மழை வேண்டுமென்றால் அன்றைய 01:00 முதல் மறுநாள் 00:00 வரை கூட்ட வேண்டும். தேதியை வைத்துக் குழுவாக்கிக் கூட்டினால் ஒரு மணி நேரம் எப்போதும் பிசகும்.

சோதிக்கும் வழி இது: பெரிய மழை ஒன்றை எடுங்கள், நேரம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததாக இருக்கட்டும். கோப்பின் வரிசையை முன்னும் பின்னும் ஒவ்வோர் அடியாக நகர்த்தி, எந்த இடத்தில் பொருந்துகிறது என்று பாருங்கள். பொருந்திய இடம் தெரிந்ததும் வரிசையை அப்படியே நகர்த்திச் சேமிக்காமல், பவுண்ட்ஸ் மாறியைச் சேர்த்து எழுதுங்கள். பவுண்ட்ஸுக்குத் தனி அலகு எழுத வேண்டாம், தன் தாய் மாறியிலிருந்து வாங்கிக்கொள்ளும். எழுதினால் அதே அலகாக இருக்க வேண்டும், தொடக்கத் தேதி உட்பட.

அறிகுறி: ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டருக்குப் பதில் 46

அளவா, வீதமா என்ற குழப்பம். எரா5 மாதச் சராசரிக் கோப்பில் மொத்த மழைக்கு அலகு மீட்டர் என்றே இருக்கும். உண்மையில் அது ஒரு நாளுக்கான மீட்டர். 12 மாதத்தையும் நேராகக் கூட்டினால் சென்னை பாலைவனமாகிவிடும். ஒவ்வொரு மாதத்தையும் அந்த மாத நாள் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

பொதுவாக, மாறி எதை அளக்கிறது என்று சொல்லும் 'ஸ்டாண்டர்ட் நேம்' பண்பில் 'ஃப்ளக்ஸ்' அல்லது 'ரேட்' என்று முடிந்தால் வீதம், 'அமவுண்ட்' என்று வந்தால் அளவு. வீதம் சதுர மீட்டருக்கு வினாடிக்குக் கிலோகிராம் என்றால் 86,400ஆல் பெருக்க நாளுக்கு மில்லிமீட்டர் கிடைக்கும். அமவுண்ட் என்று பெயர் வைத்துவிட்டு பவுண்ட்ஸ் தராத கோப்பை நான் நம்புவதில்லை. எத்தனை நேரத்தில் சேர்ந்த அளவு என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அறிகுறி: சராசரி என்று போட்டிருக்கிறது, ஆனால் எதன் மேல் எடுத்த சராசரி?

மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சொல்லும் 'செல் மெத்தட்ஸ்' பண்பைப் படியுங்கள். இடமிருந்து வலமாக, செய்த வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. நாளுக்குள் உச்சம், அப்புறம் நாட்களின் மேல் சராசரி என்றால் அது சராசரி உச்ச வெப்பநிலை. வரிசை மாறினால் பொருள் மாறும். ஆனால் வலமிருந்து இடமாக, கணிதச் சார்பு எழுதும் பழக்கத்தில் எழுதியவர்களும் உண்டு. எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: நாள் சராசரிகளின் உச்சம், நாள் உச்சங்களின் சராசரியோடு தற்செயலாகத்தான் ஒத்துப்போகும்.

அதைவிட வழுக்கும் இடம் 'வேர்', 'ஓவர்' என்ற இரண்டு சொற்கள். கடல் மேல் ஒரு கட்டம், அதில் 40 விழுக்காடு பனிக்கட்டி, கட்டியின் தடிமன் 2 மீட்டர். பனி உள்ள இடத்தில் மட்டும் சராசரி எடுத்தால் 2 மீட்டர். பனியில்லாத இடத்தைச் சுழியமாக வைத்து முழுக் கடல் பரப்பின் மேல் எடுத்தால் 0.8 மீட்டர். இரண்டையும் 'கடற்பனித் தடிமன்' என்றே அழைக்கலாம், இரண்டும் தப்பில்லை. பல காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சிஎம்ஐபி5 திட்டத்தில் தடிமன் மாறி இரண்டாவது வகை, பனியில்லாத பகுதியையும் சேர்த்து. சிஎம்ஐபி6இல் மாறியின் பெயரையே மாற்றி, இது பனிக்கட்டியின் உண்மைத் தடிமன், முந்தைய திட்டத்தில் செய்தது போலக் கட்டப் பரப்பால் வகுத்த கன அளவு இல்லை என்று வர்ணனையில் எழுதிவிட்டார்கள். அப்படியும் இரண்டு திட்டங்களையும் ஒரே படத்தில் போட்டு, புதிய மாதிரிகளில் பனி தடித்துவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. தீர்வு, செல் மெத்தட்ஸில் 'வேர் சீ ஐஸ்' என்றோ 'வேர் சீ ஐஸ் ஓவர் சீ' என்றோ முழுதாக எழுதுவது. வெறுமனே 'ஏரியா: மீன்' என்று விட்ட கோப்பு கையில் கிடைத்தால், பனிப் பரப்பு விகிதத்தால் பெருக்கிக் கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால் ஏற்கெனவே ஒருமுறை பெருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

செல் மெத்தட்ஸ் இல்லவே இல்லை என்றால்? கூட்டினால் கூடும் அளவுகளுக்கு மொத்தம் என்றும், வெப்பநிலை போன்றவற்றுக்கு அந்தப் புள்ளியின் மதிப்பு என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது தரநிலை. மாதச் சராசரி வெப்பநிலையில் இந்தப் பண்பை எழுதாமல் விட்டால், விதிப்படி அது மாத நடுவில் ஒரு கணத்தின் வெப்பநிலை. யாரும் அப்படி நினைத்து எழுதுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் நிரலுக்கு அது தெரியாது.

அறிகுறி: 0.8 டிகிரி உயர்வு, மைனஸ் 272.35 ஆகிறது

அலகு கெல்வின். நீங்கள் செல்சியஸுக்கு மாற்றச் சொன்னீர்கள், நிரல் கடமை தவறாமல் 273.15ஐக் கழித்துவிட்டது. வெப்பநிலை என்றால் கழிக்க வேண்டும், வெப்பநிலை வித்தியாசம் என்றால் கூடாது. இரண்டுக்கும் அலகு ஒன்றேதான். சராசரியிலிருந்து விலகல், திட்ட விலக்கம், நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இந்தப் பள்ளத்தில் விழும். நீண்ட காலம் தரநிலை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஸ்டாண்டர்ட் நேமையும் செல் மெத்தட்ஸையும் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

2023இல் வந்த 1.11 பதிப்பு இதற்கென்றே 'யூனிட்ஸ் மெட்டாடேட்டா' என்று ஒரு பண்பைக் கொண்டுவந்தது. அதில் 'டெம்பரேச்சர்: ஆன் ஸ்கேல்', 'டெம்பரேச்சர்: டிஃபரன்ஸ்', 'டெம்பரேச்சர்: அன்னோன்' என்ற மூன்றில் ஒன்றை எழுதலாம். மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே படித்தேன், ஆனால் யோசித்தால் அதுதான் நேர்மையானது. பழைய கோப்பைத் திரும்ப எழுதும்போது தெரியாததைத் தெரிந்தது போல் எழுதாமலிருக்க ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய பதிப்புக் கோப்பிலும் இந்தப் பண்பைச் சேர்க்கலாம், கூடுதல் பண்பு எதையும் கெடுக்காது. ஆனால் பழைய மென்பொருள் இதைக் கவனிக்காது, ஆகவே விலகல் மாறிகளை அலகு மாற்றாமல் கெல்வினிலேயே விட்டுவைப்பது நல்லது. மீட்டருக்குக் கெல்வின் போன்ற கூட்டு அலகுகளில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே யுடியூனிட்ஸ் 273.15ஐத் தொடாது.

அறிகுறி: வெப்பமண்டலக் கடல் முழுக்க வெள்ளை, துருவப் பக்கம் மட்டும் நிறம்

இடத்தை மிச்சப்படுத்தத் தரவை முழு எண்ணாகச் சுருக்கி வைப்பார்கள். 'ஸ்கேல் ஃபேக்டர்' ஆல் பெருக்கி, 'ஆட் ஆஃப்செட்' ஐக் கூட்டினால் உண்மை மதிப்பு. கேள்வி என்னவென்றால், 'வேலிட் மேக்ஸ்' (செல்லுபடியாகும் உச்ச எல்லை), 'ஃபில் வேல்யூ' (தரவு இல்லாத இடத்தை நிரப்பும் எண்) போன்றவை சுருக்கிய எண்ணைக் குறிக்கின்றனவா, விரித்த எண்ணையா? சிஎஃப் சொல்வது சுருக்கிய எண்ணை. பிற்பாடு வந்த 'ஆக்சுவல் ரேஞ்ச்' மட்டும் விரித்த எண்ணைக் குறிக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு எதிரெதிராக நடப்பதால் மாற்றி எழுதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உதாரணமாக பெருக்கி 0.01, கூட்டி 273.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் கடல் வெப்பம் 313 கெல்வினுக்கு மேல் போகாது என்று வேலிட் மேக்ஸில் 313 போட்டுவிட்டார். நிரல் அதைச் சுருக்கிய எண்ணாகப் படிக்கும். 313ஐ விரித்தால் 276.28 கெல்வின், அதாவது 3 டிகிரி செல்சியஸ் சொச்சம். அதைவிடச் சூடான கடலெல்லாம் காணாமல் போய்விடும். மறுபுறம், ஃபில் வேல்யூ மைனஸ் 9999 என்பதை நிரல் மறைக்காமல் விரித்துவிட்டால் நிலப்பரப்பு முழுக்க 173.16 கெல்வின் என்று ஒரே எண் நிற்கும். இப்படி ஒரே எண் பரந்து கிடந்தால், அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து ஸ்கேலால் வகுத்துப் பாருங்கள். மைனஸ் 9999, மைனஸ் 32767 என்று பழகிய முகம் தெரிந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

ஒரு மென்பொருளில் சரியாகவும் இன்னொன்றில் வெள்ளையாகவும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். நெட்சிடிஎஃப்பைப் பராமரிக்கும் யுனிடேட்டாவின் வழிகாட்டியில் ஒரு சலுகை உண்டு: எல்லையின் தரவு வகை, சுருக்கிய எண்ணின் வகையைவிட அகலமாக, ஸ்கேலின் வகையோடு ஒத்திருந்தால் அதை விரித்த எண்ணாக எடுத்துக்கொள்ளலாம் என்று. அதைக் கடைப்பிடிக்கும் மென்பொருளும் உண்டு, கடைப்பிடிக்காததும் உண்டு. தீர்வு எளிது: எல்லைகளைச் சுருக்கிய எண்ணாக, சுருக்கிய எண்ணின் வகையிலேயே எழுதுங்கள். யாரும் வேறு விதமாகப் படிக்க முடியாது.

அறிகுறி: அளவு சரி, திசை தலைகீழ்

ஸ்டாண்டர்ட் நேமில் 'அப்வர்ட்' என்று இருந்தால் மேல்நோக்கிப் போவது கூட்டல் (பிளஸ்), 'டவுன்வர்ட்' என்றால் கீழ்நோக்கி. இதில் தரநிலை தெளிவாகவே இருக்கிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் முன்னறிவிப்பு மாதிரியில் வெப்பப் பாய்வு கீழ்நோக்கிக் கூட்டல் என்ற மரபு. வடிவம் மாற்றும்போது எண் அப்படியே இருக்க, பெயரில் அப்வர்ட் ஒட்டிக்கொள்வது நடக்கிறது. நண்பகல் நிலப்பரப்பைப் பாருங்கள். வெயிலில் காய்ந்த தரை காற்றுக்கு வெப்பம் கொடுக்க வேண்டும். அப்வர்ட் என்று பெயர் போட்டு அங்கே மைனஸ் வந்தால் பெயர்தான் தப்பு.

கடல் படம் தலைகீழ் என்றால் ஆழ அச்சில் 'பாசிட்டிவ்' பண்பு இல்லை. 'டவுன்' என்று சேருங்கள். அவ்வளவுதான்.

பாலைவனக் காற்று 60 டிகிரி என்று வந்தால், கையில் இருப்பது காற்று இல்லை. 'சர்ஃபேஸ் டெம்பரேச்சர்' என்பது தரைக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட எல்லைப் பரப்பின் வெப்பநிலை. நாம் வழக்கமாகப் பேசுவது 'ஏர் டெம்பரேச்சர்', கூடவே 2 மீட்டர் உயரம் என்ற அச்சு மதிப்பும் இருக்க வேண்டும்.

அறிகுறி: இடம் சில கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது

கட்டங்கள் பூமியின் மேல் எப்படிப் பொருந்துகின்றன என்று சொல்லும் 'கிரிட் மேப்பிங்' இல்லாத கோப்பில் பூமியின் வடிவம் சொல்லப்படவில்லை. அட்சரேகை 13 என்றால் எந்த உருண்டையில் 13? டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரி பூமியை 6,370 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொள்கிறது. கோள அட்சரேகையை நீள்கோள அட்சரேகையாக மாற்றினால் 45 டிகிரியில் சுமார் 21 கிலோமீட்டர், சென்னைப் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர் நகரும். ஆனால் மாதிரிக்குள் போன நிலப்பரப்புத் தரவு பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ்84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்கோளம்) அட்சரேகையை எந்த மாற்றமும் இல்லாமல் கோளத்தின் மேல் வைத்ததுதான். ஆகவே அட்ச தீர்க்க ரேகைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் கடற்கரை பொருந்தும், 'திருத்தினால்' கெட்டுவிடும். கடற்கரையோரக் கட்டங்களை ஒரு வரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அச்சின் அலகில் 'டிகிரீஸ்' என்று மட்டும் இருந்தால் அது அட்சரேகையே இல்லாமல் இருக்கலாம். துருவத்தை நகர்த்திய கட்டங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். உண்மை அட்சரேகைக்கு 'டிகிரீஸ் நார்த்'. தீர்க்கரேகை 0 முதல் 360 வரையா, மைனஸ் 180 முதல் 180 வரையா என்பதில் தரநிலை எதையும் திணிக்கவில்லை, உங்கள் நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: தரக் குறியீடு 5க்கு அர்த்தமே இல்லை

'ஃப்ளாக் வேல்யூஸ்' இருந்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அர்த்தம். 'ஃப்ளாக் மாஸ்க்ஸ்' இருந்தால் ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் அர்த்தம், 5 என்பது 1உம் 4உம் சேர்ந்தது. எது இருக்கிறது என்று பாருங்கள். அர்த்தங்களின் எண்ணிக்கை குறியீடுகளைவிட அதிகமாக இருந்தால், யாரோ ஓர் அர்த்தத்தை இரண்டு சொல்லாக இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார்கள். இடைவெளிதான் பிரிப்பான். அடிக்கோடு போட்டு ஒட்டுங்கள்.

சரிபார்ப்பு நிரல் குறை சொல்லவில்லை, அல்லது அநியாயமாகச் சொல்கிறது

தரநிலையோடு ஒத்திசைவு ஆவணம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் கட்டாயங்கள் ஒரு பக்கம், பரிந்துரைகள் ஒரு பக்கம். சரிபார்ப்பு நிரல்கள் கட்டாயத்தை மீறினால் பிழை என்றும், பரிந்துரையை மீறினால் எச்சரிக்கை என்றும் சொல்லும். மேலே பார்த்ததில் பாதிக்கு மேல் எச்சரிக்கைகூட வராது. பாய்வின் திசை தப்பு என்பதோ, மழையின் நேரக் குறி முடிவில் இருக்கிறது என்பதோ நிரலுக்கு எப்படித் தெரியும்?

நிரல் அநியாயமாகக் கத்தினால் முதலில் கன்வென்ஷன்ஸ் பண்பைப் பாருங்கள். சிஎஃப் 1.8, ஏசிடிடி 1.3 என்று இரண்டு மரபுகளைச் சேர்த்து எழுதலாம், இடைவெளியோ காற்புள்ளியோ விட்டு. சில நிரல்கள் இதில் குழம்பிப் பழைய பதிப்பை வைத்துச் சோதிக்கும். பதிப்பைக் கையால் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

அப்படியும் தீராமல், உரையே இரண்டு விதமாகப் படிக்க இடம் தருகிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அதைத் திருத்தக் கேட்கலாம். பொருளை மாற்றாமல் சொல்லை மட்டும் தெளிவாக்குவது குறைத் திருத்தம், அது சுலபமாகப் போகும். பொருளே மாறினால் அது விரிவாக்கம், நீண்ட விவாதம் நடக்கும். இரண்டையும் ஒரே கோரிக்கையில் கலக்காதீர்கள். கோரிக்கையில் இப்போதைய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுங்கள். அதைப் படித்து இரண்டு நிரல்கள் தரும் இரண்டு விடைகளை ஒரு சிறு கோப்பை வைத்துக் காட்டுங்கள். நீங்கள் முன்வைக்கும் வாக்கியத்தையும் எழுதுங்கள். இந்தப் புது வாக்கியத்தால் ஏற்கெனவே உள்ள எந்தக் கோப்பும் செல்லாததாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

அதற்குள் உங்கள் கோப்பில் செய்த மாற்றத்தை 'ஹிஸ்டரி' பண்பில் தேதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். என்சிஓ, சிடிஓ கருவிகள் வழியாக மாற்றினால் கட்டளை தானாகவே அதில் சேர்ந்துவிடும். பைத்தானில் மாற்றினால் நீங்கள்தான் எழுத வேண்டும்.